விளக்கு வைக்கும் முன் ஊற்றிய பால்

அக்கா,

இன்று பால் அடிபிடித்துவிட்டது. பக்கத்திலேயே நின்றேன். பொங்கியதும் தெரியவில்லை, தீய்ந்ததும் தெரியவில்லை. நாற்றம் வீடு முழுக்கப் பரவின பிறகுதான் இறக்கினேன். நீங்கள் இருந்திருந்தால், "காலேஜுப் புள்ள அடுப்பப் பாக்குதா, அடுப்பு காலேஜுப் புள்ளயப் பாக்குதா?" என்று கேட்டிருப்பீர்கள். காய்ச்சல் கண்டு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. அப்போது அழவும் இல்லை, எழுதவும் இல்லை. இப்போதுதான் எழுத வருகிறது.

உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம்தான் நெல்லுக்கு விலை இல்லாமல் போனது. பத்தாயம் நிறைய நெல் இருந்தது, நிலவரிக் கிஸ்தி கட்டக் காசில்லை. கோயமுத்தூர் வியாபாரி வந்து பார்த்துவிட்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். "ஏன் அம்மிணி, நெல்லு ஏன் வெல போகலீன்னு உன்ற பொஸ்தகத்துல போட்டிருக்குதா?" என்றீர்கள். சீமையில் சந்தை விழுந்த கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்க உளுந்ததுக்கு இங்க அடிபட்டிருக்குது" என்று எழுந்து போனீர்கள்.

போனது ஆற்றங்கரை இல்லத்துக்கு. தாயில்லாத கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொண்ட இடம். ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தினார்கள். வரவு செலவு உங்கள் பொறுப்பு. அடுத்த வருஷத்துக்குள் காசாகக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். வண்டன்மேட்டு மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த உங்கள் அண்ணனின் மணியார்டரும் நின்றது. ஆனால் அரிசி வந்தது. நல்ல காலத்தில் வராத அளவுக்கு வந்தது. போணியாகாத நெல்லைக் குத்தித் தருமம் செய்ய யாருக்கும் மனம் சுருங்கவில்லை. பல் முளைக்காத பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை எதற்கு? விற்றுக் காசாக்கலாம் என்றால், விற்க முடிகிற அரிசியை யார் கொடுக்கப்போகிறார்கள்! பால்காரனும் காசுதான் கேட்டான். அரிசி அவன் வீட்டிலும் இருந்தது.

அப்போதுதான் வீடு வீடாகப் பால் கேட்கலாம் என்றீர்கள். இல்லத்து ரங்கம்மா தூக்குப்போசியோடு கிளம்பினாள். காலைப் பால் கிடைத்தது. சாயங்காலப் பால்தான் கிடைக்கவில்லை. நம் தெரு அவளுக்குக் கடைசித் தெரு. அவள் வந்து சேர்வதற்குள் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்திருப்பார்கள். விளக்கு வைத்த பிறகு பாலை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். முன்பே எடுத்து வைத்துக் கொடுக்கலாமே என்றேன். "எப்ப எடுத்து வெச்சா என்ன, எப்பப் படி தாண்டுதுங்கறதுதான் கணக்கு" என்றார் நம் மாமியார். கையில் காசு இருந்த நாளில் இத்தனை பயம் இருந்ததில்லை.

நீங்கள் அத்தையை எதிர்த்துப் பேசவில்லை. விளக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏம்புள்ள, மூதேவிக்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடறயா?" என்று உள்ளேயிருந்து அத்தை.

"வந்தா வரட்டுங்கத்தே. இந்த இருட்டுல அவளுக்கு நம்ம ஊடு எங்க தெரியப் போவுது?"

அத்தை சிரித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரி வந்து, "எண்ணெய் இல்லீங்களா, தரட்டுங்களா?" என்றாள். "எண்ணெ இருக்குதுங்க. பால் போகட்டும்னு உக்காந்திருக்கறேன்" என்றீர்கள். சில நாளில் அவள் வீடும் இருட்டாக இருந்தது. பிறகு அடுத்த வீடு. ரங்கம்மா ஒவ்வொரு வாசலாக வருவாள். பால் விழும் சத்தம் கேட்கும். அவள் முதுகுக்குப் பின்னால் விளக்குகள் ஏறும். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பூச்சி பொட்டு வருமோ என்று நான் காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன். பால் குறைவாக இருந்த ஒரு நாள், என்ன செய்வது என்று தெரியாமல் இருந்ததையெல்லாம் அவள் போசியில் செம்போடு கவிழ்க்கப் போனேன். "அளவாக் குடு, அம்மிணி. நாளைக்கும் குடுக்கோணுமல்ல" என்று கையைப் பிடித்தீர்கள்.

நீங்கள் போன பிறகு கிஸ்திக்காக மாடுகளை விற்றோம். ஒன்றுதான் மிச்சம். எனக்கும் பால் வற்றிவிட்டது. வருகிற பாலில் பாதி ரங்கம்மாவுக்கு, பாதி பாப்பாவுக்கு; பாப்பாவுடையதில் கொஞ்சம் தண்ணீர். புண்ணியம் செய்கிற நினைப்பு எதுவும் இல்லை. இரண்டொரு வீட்டில் பழையபடி நேரத்தோடு விளக்கு வைக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

போன வாரம் ரங்கம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "இல்லத்துல அக்கா தூக்கி வெச்சிருப்பாங்களே, அந்தப் பொண்ணுப் புள்ள நடக்குதுங்க. செவுத்தப் புடிக்காம நடக்குது." சந்தோஷம் என்று சொன்னேன். அந்தப் பிள்ளையைவிட நம் பாப்பா மூத்தவள். இன்னும் நிற்கக்கூட இல்லை. உள்ளே போய் அவள் முழங்காலைத் தடவிப் பார்த்தேன். சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும் என்கிறார் வைத்தியர். நீங்கள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

மறுநாள் குறைத்து ஊற்றுவதென்று முடிவு செய்துகொண்டுதான் செம்பைச் சாய்த்தேன். நிமிர்த்தியபோது வழக்கமான அளவு ரங்கம்மாவின் போசிக்குள் போயிருந்தது. உங்களுடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான், அக்கா. மனசு இன்னும் வந்து சேரவில்லை.