பன்னிரண்டு இடி மெத்தைகள்

அன்புள்ள ஷம்சாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை கடையில் ஒரு அமெரிக்கர் இடித்து நான் கீழே விழுந்துவிட்டேன். போனில் சொன்னால் அழுவாய், அதனால் எழுதுகிறேன். எலும்பு எதுவும் முறியவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குப் பார்வை தெளிந்ததா?

அவர் பெயர் டாரெல். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தோடு ஓடி வருகிறவனை மோதித் தள்ளுவதே அவருடைய பதினோரு வருஷ உத்தியோகம். இப்போது துபாயில் கோச். பையன்கள் மோதிப் பழக மெத்தை வேண்டுமென்று அல் கூஸில் நம் சோஃபா கடைக்கு வந்தார். மாதிரிக்குத் தைத்த மெத்தையை நானே பிடித்துக்கொண்டு, "யல்லா, இடிங்க" என்றேன். என் புத்தி!

தூக்கிவிட்டவர் என் முட்டியைத் தொட்டுப் பார்த்து, "பாய், எனக்கும் இது போச்சு. முப்பத்திரண்டு வயசுல ஆட்டத்தை விட்டுட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். நீங்க இன்னும் ஆடுறீங்களே?" என்றார்.

தம்பி சாகிர் சிரித்தான். "காக்கா, நான் சொன்னா கேக்க மாட்டீங்க. இடிச்சுச் சொல்ல ஆள் வர வேண்டியிருக்கு!"

கடையை அவனிடம் விட எனக்கு மனம் வராதது உனக்குத் தெரியும். அசதியாக இருக்கிறது, ஷம்சாத். இங்கே வாங்கும் கைலி உறுத்துகிறது. நீ துவைத்துத் துவைத்து மெலிந்த பழையது ஒன்று கொடுத்தனுப்பு. போனில் பேசும்போது அடுக்களையிலேயே இரு, பாத்திரச் சத்தம் கேட்கட்டும்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். சாகிரிடம் பேசி முடித்தது இதுதான்: மெத்தை ஒன்று நானூறு திர்ஹம், பன்னிரண்டையும் அவனே தைப்பான், நான் நாற்காலியில் உட்கார்ந்து குறை மட்டும் சொல்வேன். டாரெல் ஒன்றையும் திருப்பாமல் வாங்கிக்கொண்டால் கடைச் சாவி அவனுக்கு, ஊருக்கு டிக்கெட் எனக்கு.

செய்கு முகம்மது