நீங்கள் இல்லாமல் நடக்காத பாட்டு

இன்று காலை கூட்டும்போது தும்புத்தடி உங்கள் டபுள் பேஸில் இடித்துவிட்டது. தடித்த கம்பி ஒருமுறை உறுமியது. மூலையில் நின்ற அந்த ஆளுயர வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றேன்.

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வங்காலை வீட்டு விறாந்தையில் நாலு பேரும் கூடுவீர்கள். அந்தோனியண்ணனும் அவர் மகளும் வயலின், யோசேப்பு செலோ, நீங்கள் பேஸ். நாலு பேர் வாசிக்கும் பாட்டுகளுக்குக் கிடைத்த நோட்டுத்தாள் எதிலும் பேஸுக்கு இடமில்லை. செலோ வாசிப்பதையே நீங்களும் இன்னும் தாழ்ந்த சுருதியில் வாசிப்பீர்கள்.

"நீ வராட்டியும் பாட்டு நடக்கும் மச்சான். நீ வந்தால் விறாந்தையில இடம்தான் காணாது," என்றார் அந்தோனியண்ணன் ஒருநாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு சோற்றைப் பிசைந்தபடி என்னிடம் சொன்னீர்கள்: "நான் இல்லாட்டி நிண்டுபோற பாட்டு ஒண்டு எனக்கு வேணும்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவையள் என்னப்பா செய்யிறது?"

"பாத்துக்கொண்டு இருக்கட்டும்."

மன்னாரில் கேட்டீர்கள், யாழ்ப்பாணத்தில் கேட்டீர்கள். கொழும்புக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டீர்கள். வருடங்கள் போயின. கடைசியில் ஒரு மடத்துச் சிஸ்டர் அப்படியொரு பாட்டைப் பிரதி எடுத்து அனுப்பினார். இரண்டு வயலின், ஒரு செலோ, ஒரு பேஸ். நடுவில் மற்ற மூவரும் வில்லை இறக்க, நீங்கள் தனியே வாசிக்கும் ஓர் இடம்.

"இனி உன்னை விட்டிட்டு ஏலாது மச்சான்," என்றார் அந்தோனியண்ணன். அன்று உங்கள் முகத்தில் கண்டதை எங்கள் கலியாணத்தன்றுகூட நான் காணவில்லை.

நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாள் பூசைக்கு அதையே வாசிக்க வேண்டும் என்று மூவரும் வீட்டுக்கு வந்து பழகினார்கள். உங்கள் இடம் வந்தது. வில்லை இறக்கினார்கள். ஒரு சத்தமும் இல்லை. அந்தோனியண்ணனின் மகள் விம்மத் தொடங்கினாள்.

"ஏலாது தங்கச்சி," என்று என்னிடம் சொல்லி அந்தோனியண்ணன் வயலினைப் பெட்டிக்குள் வைத்தார்.

பூசையில் வேறொன்று வாசித்தார்கள், உங்களைத் தேடாத ஒரு பழைய பாட்டு. நல்லாயிருந்தது என்று சனம் சொன்னது. எனக்கு நெஞ்சு கொதித்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நோட்டுப் பார்க்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு உங்கள் பங்கு மட்டும் வாயில் வந்துவிட்டது. மீன் வெட்டும்போது மெல்ல முணுமுணுக்கிறேன். அது முடிகிற இடத்தில் மற்றவர்கள் தொடங்க வேண்டும். ஒருவரும் தொடங்குவதில்லை. நான் திரும்பவும் உங்கள் முதல் அடிக்கே போகிறேன்.