துறையடிக் கூட்டத்தின் குறிப்பு

திருகோணமலை,
11.01.1998

அன்பு மகன் குலசிங்கம்,

நானும் அம்மாவும் நல்ல சுகம், நீயும் மருமகளும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்கக் கோணேசரை நாளும் வேண்டுகிறோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தில் பாதியை அயலுக்குப் பங்கிட்டுவிட்டார். தமிழ்ப் பள்ளிக் குழுவுக்கு உன்னைத் தலைவராக்கியதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் அந்தக் கதிரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

போன மாசியில் துறையடியில் சனத்தை அக்கரைக்கு ஏற்றும் பாதைப்படகைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்று பிரதேச சபை ஒரு கூட்டம் வைத்தது, தலைமை நான். சபையின் படகு வாரத்தில் இரண்டு நாள் பழுது, எனக்கும் அலுத்துவிட்டது. பள்ளிக்கூடக் கன்ரீனை உதாரணம் காட்டினேன். நாங்கள் நடத்தியபோது தேநீர் ஆறிக்கிடந்தது, கடைக்காரர் ஆனந்தராசாவிடம் கொடுத்த பிறகு ஆவி பறந்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கரையில் இடியப்பம் அவித்து விற்கும் சுபைதா மட்டும் எழும்பி, "சேர், தேத்தண்ணி சரியில்லாட்டி ஊட்ட போய்க் குடிக்கலாம், பாதை சரியில்லாட்டி ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?" என்றார். கேள்விகள் கடைசியில் என்று இருத்திவிட்டேன், வகுப்பில் நாற்பது வருடம் செய்த பழக்கம். தனியாருக்கே என்று உயர்ந்த கைகளை எண்ணி முடிக்க ஆமிக் காவலரண் மூடும் நேரமாயிற்று, சனம் கலைந்துவிட்டது. குறிப்பில் 'கேள்விகள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

முந்தி பள்ளிக்கூடச் சோதனை நாளில் ஒரு பிள்ளை நின்றாலும் படகோட்டி சின்னராசா கயிற்றை அவிழ்ப்பார், மனுக் கொடுத்துச் சபையிடம் நாங்கள் வாங்கிய வழக்கம் அது. இப்போது ஆள் நிரம்பினால்தான் படகு. மார்கழியில் சுபைதாவின் மகள் அசனா கணிதச் சோதனைக்குப் போகக் கரையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றாள், போய்ச் சேர மண்டபக் கதவு பூட்டியாயிற்று. அவளுக்கு ஒரு வருடம் வீணாய்ப் போய்விட்டது, மகன். படகை எடுத்த கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன், "மாஸ்ரர், நான் என்ன வோட்டுக் கேட்டோ வந்தனான்?" என்று சிரித்தார். சபைக்குப் போனால் எழுதுவினைஞர் என் குறிப்பையே எடுத்து நீட்டி, "கேள்வி இல்லையெண்டு நீங்கள்தானே ஐயா எழுதினனீங்கள்" என்றார். சுபைதாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்துவிட்டு, "சூடா இரிக்கா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

அசனா இப்போது பின்னேரங்களில் கணிதம் படிக்க என்னிடம் வருகிறாள். அந்தக் குறிப்பு பிழை, கேள்வி ஒன்று இருந்தது, பதில் சொல்லப்படவில்லை என்று சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கக் கூட்டம், தலைமையை மறுத்துவிட்டேன். சனத்தோடு சனமாய் வாங்கில் இருப்பேன். முதற் கேள்வி சுபைதாவுடையது, இரண்டாவது என்னுடையது.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். காதை மூடித் தொப்பி போடு. கூட்டம் நடத்தினால் கேள்விகளை முதலில் கேள்.

உன் அப்பா,
க. தம்பிராசா