அப்பாவுக்கு வராத இருமல்

அன்புள்ள பொடிசுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் போன் வந்தபோது நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், அப்பா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்த சித்தி, சித்தப்பா, ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்த மாடி வீட்டுத் தையல்காரம்மா, ஆக ஐந்து பேர். நீயும் மாப்பிள்ளையும் கடவுள் கிருபையால் இப்போது தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. அந்த போன் வந்தது எனக்கல்ல, சித்திக்கு. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் சோப்பு, நீயே எடுத்துப் பிடி அக்கா என்றாள், நானும் ஸ்பீக்கரைப் போட்டு அவள் காதருகே பிடித்தேன். நீ எடுத்த எடுப்பில், சித்தி நீங்க சொன்ன மாதிரியே ஸ்பூன் ஸ்பூனா குடிச்சேன், வாந்தி நின்னுடுச்சு, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ஆயிரம் கேள்வி கேப்பாங்க என்றாய். தையல்காரம்மா அளவு நாடாவைச் சுருட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாளாக நீ வாந்தியில் கிடந்தது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். என் கையில் இருந்த போனில் என் மகள் இன்னொருத்தியைத் தேடிப் பேசுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

சித்தி முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள், நான் வீட்டோடு இருந்து வைத்தியப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உன் முதல் பல் முளைத்த தேதியிலிருந்து உனக்கு எந்த மணிக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் அடித்தது என்பது வரை எழுதி வைத்தவள் நானல்லவா. அன்று சாயங்காலம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் சாமியின் முகம் வரவில்லை, அவள் முகம்தான் வந்தது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் திங்கட்கிழமை காலை அப்பா படுத்துக்கொண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி, தண்ணீராய்ப் போகிறது, உடம்பு வலி, தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதரை காட்டியது. அவருடைய அச்சகத்தில் மிஷின்காரருக்கும் பைண்டருக்கும் இதே கதை, இரண்டு பேரும் லீவு என்று சனிக்கிழமையே சொல்லியிருந்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கிறதே, இது ஃப்ளூதான் என்று நானே முடிவு கட்டி, ஜன்னலைச் சாத்தி, இரண்டு கம்பளியைப் போர்த்தி, காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்தேன். தண்ணீர் குடித்தால் மறுபடி வாந்தி வருகிறதே என்று தண்ணீரையும் நிறுத்தி வைத்தேன்.

கேள்விப்பட்டு சித்தி வந்தாள். வாசலிலிருந்தே, ஃப்ளூன்னா மூக்கு தொண்டை நெஞ்சுன்னு பிடிக்கும்கா, திடீர்னு காய்ச்சல் ஏறும், இருமல் வரும், இது வயித்தை விட்டு நகரலையே, ஜனங்க வயித்து ஃப்ளூன்னு சொல்றாங்களே தவிர அது வேற கிருமி என்றாள். உன்னிடமும் இப்படித்தானே சொல்லியிருப்பாள் என்று எனக்குச் சுருக்கென்றது. அப்பா கம்பளிக்குள்ளிருந்து, அக்கா தங்கச்சி சண்டையில என் வயித்தைப் பந்தாடாதீங்கம்மா என்றார். சித்தி கைகழுவிவிட்டு வருவதற்குள் நான் நோட்டை எடுத்தேன். பொடிசு, இதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நான்கு தடவை வாந்தி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்று என்று எழுதினேன். வாந்திக்குப் பிறகு அவர் தொண்டையைச் செருமியதை இருமல், மூன்று முறை என்று எழுதினேன். சித்தி படித்துப் பார்த்தாள். நோட்டைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. உன் நோட்டுல தப்பு இருக்காதுக்கா, இருமல் இருக்குன்னா ஃப்ளூவாவும் இருக்கலாம், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், அதுவும் உண்மை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அப்பா வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, கண் உள்ளே போயிருந்தது, விடிந்ததிலிருந்து சிறுநீர் போகவில்லை. தையல்காரம்மாவைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு செருப்புகூடப் போடாமல் சித்தி வீட்டுக்கு ஓடினேன். நான் எழுதினது பொய்டி, இருமலே இல்லை, நாலு வாந்தி, இன்னைக்கு இன்னும் மூணு என்றேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாக்கா, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கு என்று பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அந்த உப்புச் சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், மூன்று மணி நேரம், நானும் அவளும் மாறி மாறிக் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள்ளே சிறுநீர் போகாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்று அவள் சொல்லியிருந்தாள், நாலு மணிக்கு அவருக்குச் சிறுநீர் போயிற்று, நான் அழுதுவிட்டேன். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல டம்ளரைக் கழுவப் போனாள். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்கு உள்ளே எரிந்தது, கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

இன்றைக்கு வியாழன், அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நீ ஒன்று கவனி. வாந்தி நின்றாலும் இரண்டு மூன்று நாள் மாப்பிள்ளைக்கு நீ சமைக்காதே, துண்டைத் தனியாக வை, கையில் தேய்க்கிற அந்தத் திரவத்தை மட்டும் நம்பாதே, சோப்புப் போட்டுக் கழுவு. தலை சுற்றினாலோ சிறுநீர் குறைந்தாலோ ரத்தம் கண்டாலோ டாக்டரிடம் ஓடு. இதெல்லாம் சித்தி சொன்னது, நான் சொன்னதாக எழுதிவிடலாமா என்று ஒரு கணம் பேனா நின்றது, எழுதவில்லை.

இனி உடம்புக்கு என்றால் அவளிடமே கேள், அவளுக்குத்தான் தெரியும், இதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஆனால் எனக்கும் சொல். நான் மருந்து சொல்ல மாட்டேன், ஆயிரம் கேள்வி கேட்க மாட்டேன், உனக்கு முடியவில்லை என்று தெரிந்தால் உனக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருப்பேன், அந்த மூன்று நாள் அதுகூட எனக்கு இல்லாமல் போய்விட்டது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க ஆண்டவன் துணையிருக்கட்டும். வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே.

இப்போது வயிறு எப்படி இருக்கிறது? சீக்கிரம் பதில் போடு, எனக்குப் போடு.

உன் அம்மா