காடிப் புழுவும் மீன் குஞ்சும்

திங்கள், ஐப்பசி
விடியலிலிருந்து மழை. ஜெலுத்தோங் சாலையில் முழங்கால் தண்ணீர். மருந்துக்கடைக்கு நனைந்தே போனேன், வேலைக்கு.

பக்கத்து வீட்டு ஆ ஹாய் கொடுத்த சண்டை மீன் ஜோடி இட்ட முட்டை பொரிந்துவிட்டது. என் மனைவி செல்லம் ஜாடியை விட்டு நகரவில்லை. வயிற்றில் பிள்ளை தங்காமல் போனதற்குப் பிறகு அவள் தானாக என்னைக் கூப்பிட்டது இன்றுதான். "என்னங்க, இங்க வாங்க. கண்ணும் வாலும் மட்டுந்தான் இருக்கு!"

வியாழன்
குஞ்சுகள் நீந்துகின்றன. குஞ்சைத் தின்றுவிடும் என்று, தாயைப்போல் அப்பன் மீனையும் வேறு ஜாடிக்கு மாற்றினேன். செ.க்கு மனமே இல்லை. முட்டைக்கரு போட்டோம், தண்ணீர் நாறிவிட்டது. கொசுப்புழுவோ குஞ்சைவிடப் பெரிசு. மாலையில் ஏழெட்டு செத்து மிதந்தன.

"இதுங்களும் போயிடும்" என்றாள். சட்டையில் பொத்தான் அறுந்து கிடக்கிறது. தைக்கச் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளி
ஊறுகாய்க்குப் புளித்த கள்ளுக்காடி எடுத்த செ. அலறினாள். போத்தலில் மேல்மட்டமெல்லாம் வெள்ளை நெளிவு. கடைக்குக் கொண்டுபோய் லென்ஸில் பார்த்தேன். நூலைவிட மெல்லிய புழுக்கள், கணக்கே இல்லை. முதலாளி சிரித்தார். "காடியிலேயே பொறந்து காடியிலேயே வாழுறது. மேல படியிற ஆடையில இருக்கிற கிருமிதான் சாப்பாடு. மனுஷன ஒண்ணும் பண்ணாது."

எதிர்வீட்டு பாக்கியம் அக்கா விடவில்லை. "புழு விழுந்ததை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? கொட்டு லா!"

கொட்டப் போன செ. நின்றாள். "குஞ்சு வாய்க்கு இது சரியா இருக்குமாங்க?"

சனி
துணியில் வடிகட்டினோம். புழுவும் சேர்ந்தே ஓடிவிட்டது. காடியோடு ஊற்றினால் குஞ்சு செத்துப்போகும். இன்னும் நாலு போய்விட்டன.

பிறகு செ.யின் யோசனை. ஒடுங்கிய கழுத்துப் போத்தல். கழுத்துவரை காடி, அதன்மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் நல்ல தண்ணீர். "அதுங்களுக்கும் மூச்சு முட்டும்ல? மேல வந்துதானே ஆகணும்."

ஞாயிறு
வந்துவிட்டன! பஞ்சைத் தாண்டி, நல்ல தண்ணீர் முழுக்க நெளிவு. செ. சொட்டுச் சொட்டாக ஜாடியில் விட்டாள். குஞ்சு ஒவ்வொன்றும் உடம்பை வளைத்து, உற்றுப் பார்த்து, ஒரே பாய்ச்சல். வயிறெல்லாம் உப்பிவிட்டது. கடை லீவு. இருவரும் குளிக்கக்கூட எழவில்லை.

புதன்
வெயில். மூன்று நாளாகச் சாவு இல்லை.

பாக்கியம் அக்கா ஊறுகாய்க்குக் காடி கேட்டு வந்தாள், வெட்கமே இல்லாமல். செ. வாசலிலேயே மறித்தாள். "கிடையாதுக்கா. என் பிள்ளைங்களுக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது போல. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள் செ., வாய்விட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில்கூட அழாதவள். நானும் அழுதேன்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்கிறது என்றாள். ரிக்‌ஷா பிடித்துச் சூலியா தெரு ரொட்டிக்கடைக்குப் போனோம். தன் ரொட்டியைத் தின்றுவிட்டு என் தட்டிலும் கை வைத்தாள்.