உம்மாவிடம் கேட்டு உருவ வேண்டிய வாள்

மச்சான்,

இன்று காலை கொழும்பிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் பசையும் மையும் கலந்த மணம் என் கைத்தறிச் சாறன் துணிக்கடை முழுக்கப் பரவியது. நம் கதை, மச்சான்! நீ சொல்லச் சொல்ல நான் எழுதிய அதே கதை. பிழை பார்ப்பதற்கு ஒரே ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள். அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக, நெட்டையாக, பிடியில் பாம்புத் தலையோடு ஒரு வாள். நம் நீலவரி வாள் நெல் வெட்டும் தாக்கத்தி போல வளைந்தது என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறோம்! நீ இருந்திருந்தால், "கண்ணப் பொத்திக்கிட்டா வரைஞ்சவன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருதமுனையில் உன் சைக்கிள் கடை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் நீ டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே கதை சொல்வாய். நான் சாறன் பொதியின் மேல் உட்கார்ந்து சீ.ஆர். கொப்பியில் எழுதுவேன். எழுத்து என்னுடையது, பக்கமெல்லாம் கிறீஸ் கறை உன்னுடையது. "ரெண்டு புள்ளைக்கி வாப்பா, இன்னும் வாளும் ராசாவும்" என்று என் மனிசி தலையிலடித்துக்கொள்வாள்.

நீலவரிக்கு நீ வைத்த விதியில்தான் எல்லாச் சண்டையும் தொடங்கியது. அந்த வாள் மலையையும் பிளக்கும். ஆனால் யாரை வெட்டப் போகிறோமோ அவனுடைய உம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும். அவள் மனதாரச் சரி சொன்னால்தான் வாள் உறையை விட்டு வரும். நம் கதாநாயகி மைமூனா அந்த வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏழு நாடு நடந்தாள். கள்வனின் தாய், கொலைகாரனின் தாய், துரோகியின் தாய் என்று எல்லோரிடமும் கேட்டாள். ஒருத்தியும் சரி சொல்லவில்லை. சோறு போட்டு அனுப்பினார்கள்.

"பத்துக் கொப்பி முடிஞ்சிது. இந்த வாள் ஒரு கோழியக்கூட அறுக்கல்ல மச்சான்" என்றேன் நான்.

"கோழிக்கும் உம்மா இரிக்கே" என்றாய் நீ. உன்னோடு கதைத்து வெல்ல முடியுமா?

நாவிதன்வெளிக்குச் சாறன் விற்கப் போனபோது நீயும் என் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டாய். ராணுவச் சோதனைச் சாவடியில் பொதியை அவிழ்த்தார்கள். கொப்பி வந்தது. கொப்பிக்குள்ளிருந்து நீ வரைந்த வரைபடமும் வந்தது. ஆறு, மலை, கோட்டை, கோட்டைக்குப் போகும் பாதைக்குச் சிவப்பு அம்புக்குறி! அதிகாரி கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். "இது எங்க இருக்கிற கேம்ப்? எத்தனை வாள் இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு வாள்தான் மாத்தயா" என்றாய் நீ, பயபக்தியோடு. அன்றைக்கே உன்னைக் கொன்றிருப்பேன்.

பிறகு வெயிலில் நின்றபடி முழுக் கதையையும் அவருக்குச் சொன்னாய். பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. விதியைச் சொன்னதும் அவர், "அம்மா சரி சொன்னா மட்டுமா?" என்று திருப்பிக் கேட்டார். கொப்பியை மூடினார். "என்ட அம்மா சொல்லமாட்டா" என்று கொப்பியை உன் கையில் தந்தார். வரைபடத்தை வைத்துக்கொண்டார். நம் ராஜ்யம் இன்றைக்கும் ஏதோ ஒரு அலுமாரியில் கிடக்கும்.

ஆனாலும் ஒருநாள் நான் வென்றேன். கடைசி எதிரி கருந்துறை ராசாவுக்கு உம்மா மௌத்தாகிவிட்டாள் என்று வைத்தேன். "இப்ப ஆரிட்டக் கேக்கிற? கேக்காமலே உருவலாம்" என்றேன். நீ யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டாய். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது.

உன் கடை போனது. கொப்பி பதினேழும் போயின. உன் உம்மாவை இரண்டாம் நாள் கண்டெடுத்தோம். நீ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சில மாதம் கழித்து, எங்களுக்குத் தந்த தகரக் கொட்டிலுக்கு வந்து, திரும்ப எழுதுவோம் என்று நீயாகவே சொன்னாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னென்ன நடந்தது, எப்படி முடிப்பதாக இருந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ராசாவின் கட்டம் வந்ததும் நீ நிலத்தைப் பார்த்தாய்.

"அப்ப உம்மா இல்லாதவன ஆரும் கேக்காம வெட்டலாம். என்னையும் வெட்டலாம், என்ன மச்சான்?"

என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அந்த நேரம் மூலையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் உம்மா சுளகைத் தூக்கி வைத்தாள்.

"ஆர்ரா அவன் வெட்டுறவன்? என்னட்டக் கேட்டயா? உன்ட உம்மாக்குக் காய்ச்சல் எண்டு நாப்பது நாள் எனக்கிட்டப் பால் குடிச்ச புள்ளடா நீ. நான் உசிரோட இரிக்கன். அந்தப் பாலால தங்கச்சியாப் போனதாலதானே என்ட மகள உனக்குக் கட்டித்தரவும் ஏலாமப் போச்சி!"

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே உடைந்து அழுதாய். உம்மா உன் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது.

திரும்ப எழுதி முடிக்க நாலு வருஷத்துக்கு மேல் பிடித்தது. கடைசி அத்தியாயம் எழுதிய கிழமையில்தான் நாட்டில் யுத்தம் முடிந்ததென்று றேடியோவில் சொன்னார்கள். நீ திரும்பப் போட்டிருந்த கடைக்கு வெளியே வெடி கொளுத்தினார்கள். நீ கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, "எத்தின உம்மாமார் மச்சான்" என்றாய். அடுத்த நாள் முடிவைச் சொன்னாய். ராசாவுக்குப் பால் கொடுத்த கிழவியை மைமூனா தேடிப் பிடிக்கிறாள். கிழவி சரி சொல்லவில்லை. தானே கோட்டைக்குப் போய், சபைக்கு நடுவில் ராசாவின் காதைப் பிடித்துத் திருகுகிறாள். கதை முடிந்தது. இந்த முறை நான் வாதாடவில்லை.

போன வருஷம் நோன்புக்கு முன்பு, டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபடியே நீ போய்விட்டாய். நோயில் கிடக்கவில்லை, ஒருவரையும் வருத்தவில்லை. அதில் எனக்கு நிம்மதிதான். அதற்குப் பிறகுதான் நம் கொப்பிகளைக் கொழும்புப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன்.

பார்சல் கிடைத்ததா என்று கேட்கப் பதிப்பகத்துத் தம்பி போனெடுத்தான். என்னை அண்ணனாக்கி 'நானா' என்றுதான் கூப்பிடுவான். "நானூறு பக்கம் வாளக் காட்டிப்போட்டு உருவாம முடிக்கிறீங்களே நானா! கடைசி ரெண்டு பக்கத்த மட்டும் மாத்துங்க. பின்னேரத்துக்குள்ள தாங்க" என்றான்.

மாற்றினேன் மச்சான். மறைக்கவில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒரே மூச்சில் எழுதினேன். நீலவரி மின்னிக்கொண்டு வந்தது, ராசாவின் தலை உருண்டது. இருபது வருஷ ஆசை. நன்றாகத்தான் வந்திருந்தது. நீயும் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. ஆனால் அனுப்பக் கை வரவில்லை. இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டிலிருக்கும் உம்மாவிடம் போனேன்.

வாசித்துக் காட்டினேன். கண் பார்வைதான் குறைவு, காது நன்றாகக் கேட்கிறது.

"இது அவன் சொன்னதா?"

"இல்லும்மா. நான் மாத்தின."

"அவன்ட கதைய மாத்துறதெண்டா ஆரிட்டக் கேக்கணும்?"

"அவன்ட உம்மாட்ட" என்றேன்.

"கேளு."

"மாத்தட்டா உம்மா?"

"சரி சொல்லமாட்டன்" என்றாள். "கிழிச்சிப்போட்டுப் போய்ச் சாப்பிடு."

கிழித்துப்போட்டேன். தம்பிக்குப் போனெடுத்து, முடிவு இருந்தபடியே இருக்கட்டும் என்றேன். "அப்ப புத்தகம் கடையிலதான் கிடக்கும், எனக்கென்ன" என்றான். என் கோபம் உனக்குத் தெரியாததா? நாலு வார்த்தை நாறலாகக் கொடுக்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உங்கட உம்மா சுகமா இரிக்காவா தம்பி?"

"இரிக்கா நானா… ஏன்?"

"சும்மாதான். சலாம் சொல்லுங்க."

இப்போதெல்லாம் இப்படித்தான் மச்சான். யாரையாவது கிழிக்க நினைத்தால் அவனுடைய உம்மா குறுக்கே வந்து நிற்கிறாள். பாதிச் சண்டை தொடங்கவே மாட்டேனென்கிறது. உன்னிடமிருந்து தொற்றிய வருத்தம் இது. இத்தனை காலமாகியும் சுகமாகவில்லை. சுகமாகவும் வேண்டாம்.