கைகள் உறையக் கூடாது

அக்டோபர் 14, திங்கள். தஞ்சாவூர்

மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் அக்கா இன்று கேட்டே விட்டார். "நாள் பூரா கதவச் சாத்திக்கிட்டு யாருகிட்டங்க கைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?" சிரிப்பு வந்தது. சொன்னேன். காது கேளாத ஒருவர் வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவார். அங்கே இருப்பவருக்குச் சைகை தெரியாது. டேப்லெட்டில் என்னைக் கூப்பிடுவார்கள். இவர் வாயால் சொல்வதை அவருக்குக் கையாலும், அவர் கையால் சொல்வதை இவருக்கு வாயாலும் சொல்வது என் வேலை.

"இதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களா?"

தருகிறார்கள். எனக்கே சில நாள் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. வீட்டில் அப்பாவோடு பேசிப் பழகியதுதானே.

சாயங்காலம் நாகையிலிருந்து அம்மா போன். "அப்பாவுக்குப் புரை நல்லா முத்திடுச்சாம். ரெண்டு கண்ணுலயும். மொதல்ல வலது கண்ணு, அடுத்த மாசம்." சட்டென்று போனை வைத்துவிட்டாள். ஏனென்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 15, செவ்வாய்

அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கடலுக்குப் போன காலத்திலும் சரி, இப்போது கரையில் உட்கார்ந்து வலை பின்னும்போதும் சரி, அவருக்கு எல்லாமே கண் வழியாகத்தான். வலது கண்ணில் கட்டுப் போட்டால், மீதி இருக்கும் இடது கண்ணிலும் பனிமூட்டம். ஒரு நாள் முழுக்க யார் என்ன சொல்கிறார்கள் என்பதே தெரியாமல் படுத்திருக்க வேண்டும்.

வீடியோவில் அப்பா சுருக்கமாகச் சொல்லிவிட்டார். நீ வந்தால் படுக்கிறேன். வராவிட்டால் ஆபரேஷன் வேண்டாம்.

போகத்தான் போகிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வானதி இருக்கிறாள்.

அக்டோபர் 16, புதன்

பட்டுக்கோட்டை வானதிக்கு இது தலைப்பிரசவம். அவளுக்கும் காது கேட்காது, அவள் கணவர் சூர்யபிரகாஷுக்கும் கேட்காது. மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். நவம்பர் நடுவில் தேதி. அப்பாவின் ஆபரேஷனும் அதே வாரம்.

சென்னை ஆபீஸுக்குப் பேசினேன். வசந்தகுமார் சார் தன்மையாகத்தான் சொன்னார். "லீவு எடுத்துக்கங்கம்மா, தப்பே இல்ல. வேற ஆளப் போடுறேன். ஆனா அந்தப் பொண்ணு உங்களத்தான் கேட்டு எழுதியிருக்கு."

நாகையிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று கேட்டேன்.

"லைன் அறுபடாம இருக்கணும். பிரசவ நேரத்துல படம் நின்னுடுச்சுன்னா நாம என்ன பதில் சொல்றது?"

அவர் கேட்டது நியாயம்தான். நாகை வீட்டில் இன்டர்நெட் கேபிள் கிடையாது. புதிதாகக் கேட்டால் மழைக்காலம் முடியட்டும் என்கிறார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு. நன்னிலம்

மாமனார் மாமியாரைப் பார்க்க நானும் ராஜசேகரும் வந்தோம். அவர் நடவு வயலைப் பார்க்கப் போய்விட்டார். நான் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆபீஸோடு ஒரு சோதனை அழைப்பு பேசிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வசந்தகுமார் சார், "உங்க கை அப்படியே அந்தரத்துல நிக்குதும்மா" என்றார். போன் அடுப்பில் வைத்ததுபோலச் சுட்டது. தானாக அணைந்தும் போனது.

பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால் பாதியை ஊகித்துக்கொள்ளலாம். சைகை அப்படி இல்லை. 'வலிக்கிறது' என்பதும் 'வலிக்கிறதா' என்பதும் புருவத்தில் இருக்கிறது. புருவம் உறைந்தால் அர்த்தம் போச்சு.

அக்டோபர் 23, புதன்

ரவுட்டர் பற்றித்தான் மூன்று நாளாகப் படிக்கிறேன். ஊருக்கு ஊர் எடுத்துப் போகிற மாதிரி சின்ன டப்பாக்கள் நிறைய இருக்கின்றன. ஒரு வகைக்கு உள்ளேயே பேட்டரி, ஒரு சிம். பையில் போட்டுக்கொண்டு போகலாம். இன்னொரு வகையில் சிம்முக்கே இடமில்லை. லாட்ஜ் வைஃபையையோ போனையோ வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கும். மூன்றாவது, சிம்மும் போட்டுக்கொள்ளும், கேபிளும் ஏற்கும், ஆனால் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்.

எல்லா விளம்பரத்திலும் இறங்கும் வேகத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். படம் பார்க்கிறவர்களுக்கு அது போதும். என் கைகள் மேலே போக வேண்டும். ஏறும் வேகத்தை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடித் தேடிக் கண் வலி.

"கல்யாணத்துக்குப் புடவை எடுக்கறப்பகூட நீ இப்படிப் பாக்கல பூமி" என்றார் ராஜசேகர். சொல்லிவிட்டு அவரே பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் இரண்டு தேடிக் கொடுத்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு. நாகை

அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டு, அப்படியே நாகூர் போனேன். தர்கா தெருவுக்குள் சித்தீக் பாய் கடை. போன், சார்ஜர், கேமரா எல்லாம் விற்கிறார்.

"படம் பாக்கவா தங்கச்சி, வேலைக்கா?"

சொன்னேன். அப்பாவைப் பற்றி, பேர் ஊர் சொல்லாமல் ஒரு பிரசவத்தைப் பற்றி. அவர் பெட்டியைத் திறந்து காட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நான் இங்க உக்காந்துகிட்டு இது நல்லதுன்னு சொன்னா அது பொய்யாப் போயிடும். உங்க வீட்டுல எந்த டவர் எடுக்குதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு தர்றேன். கொண்டுபோய் வெச்சுப் பாருங்க. சரியா வரலன்னா திருப்பிக் குடுங்க."

முன்பணம் கேட்கவில்லை. பெயரைக்கூட நானேதான் சொன்னேன்.

அக்டோபர் 29, செவ்வாய். நாகை

பேட்டரி உள்ள சின்னது: முதலில் பிரமாதம். சார்ஜில் போட்டபடி நீளமாகப் பேசினால் போன் மாதிரியே சூடாகிறது, வேகம் குறைகிறது. பஸ்ஸில் மெயில் பார்க்க நல்ல சாமான். எனக்கு ஆகாது.

இரண்டு கொம்பு வைத்த பெரியது: நல்ல வேகம். கை உறையவே இல்லை. என் சிம்மை விட அம்மாவின் சிம் இங்கே நன்றாக எடுக்கிறது. மாடி அறையில் தெற்கு ஜன்னல்தான் சரியான இடம். ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அப்பா கையில் டப்பாவோடு அறை முழுக்க நடந்தார். சிக்னல் விளக்கு பச்சையா ஆரஞ்சா என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றார்.

மத்தியானம் கரண்ட் போனது. பெரியதும் போனது. என் பவர் பேங்கை வைத்து அதை ஓட்ட முடியாதாம், அதற்கு வேறு மின்னழுத்தம். நாகையில் நவம்பரில் கரண்ட் போகாத நாள் எது?

அழுகை வந்துவிட்டது. என்னடி இது, ஒரு டப்பாவுக்குப் போய்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தூறல். அம்மாவின் அதிரசம். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு. நாகை

பாய் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டு, கோணல் முகம் காட்டாமல் மூன்றாவதை எடுத்து வைத்தார். உள்ளங்கை அகலம். சிம் போடலாம், சாதாரண பவர் பேங்கிலேயே ஓடும். சிம் படுத்துவிட்டால் கேபிளில் மாட்டிய போனுக்குத் தானே மாறிக்கொள்ளும். "வேகம் பெரியத விடக் கொஞ்சம் கம்மிதான். ஆனா கைய விடாது" என்றார்.

வீட்டில் வைத்து ஆபீஸோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சிம்மை உருவிப் பார்த்தேன். படம் நின்றது. மூச்சை இழுத்து விடுவதற்குள் மறுபடி வந்துவிட்டது. வசந்தகுமார் சார், "அங்கேருந்தே எடுங்கம்மா" என்றார்.

வாங்கிவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள். நாகை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தாயிற்று.

கட்டுப் போட்ட பிறகு அப்பா பயந்துதான் போனார். இப்படி அவரைப் பார்த்ததே இல்லை. கைகளைக் காற்றில் துழாவினார். நான் என் கைகளைக் கொண்டுபோய் அவர் கைகளுக்கு அடியில் வைத்தேன். அவர் மேலிருந்து பிடித்துக்கொள்ள, நான் மெதுவாகச் சைகை செய்தேன். முடிந்தது. நன்றாக இருக்கிறீர்கள். அம்மா இங்கே. நான் இங்கே. தலையணையில் சாய்ந்துகொண்டார்.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, வலையை மழையில் விட்டுவிட்டீர்களா என்பது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாளைக் காலை கட்டு அவிழ்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய். நாகை

எப்படி எழுதுவது. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் ஆட்டோ வாசலில் நின்றது. அப்பாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து போன். வானதிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

என்ன செய்ய? கட்டு அவிழ்க்கும்போது நான் இருப்பேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அதை நம்பித்தான் அவர் படுத்தார். அவர் கைக்கு அடியில் என் கையை வைத்துச் சொன்னேன். வேலை. ஒரு பிரசவம். பிள்ளை பெறுகிறவளுக்குக் காது கேட்காது.

அப்பா யோசிக்கவே இல்லை. என் கையைத் தள்ளிவிட்டு, என் முகம் தெரியாமலே என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் கட்டு அவிழ்ந்துவிடும். அவளிடம் போ."

அம்மா அவர் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். நான் மாடிக்கு ஓடினேன்.

கதவைச் சாத்தினேன். வெளியே நல்ல மழை. வானதி என்னைப் பார்த்ததும் வலியோடு சிரித்தாள். நர்ஸ் டேப்லெட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் கை கடுத்திருக்கும், ஒரு தடவைகூடக் கீழே இறக்கவில்லை. டாக்டர் சொல்லச் சொல்ல நான் காட்டினேன். மூச்சு விடு. இப்போது முக்கு. நிறுத்து. மறுபடி.

கரண்ட் போனது. பவர் பேங்க் இருந்தது. அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

பிறகு டாக்டரின் குரல் மாறியது. "தல வந்துடுச்சு. கொடி கழுத்துல சுத்தியிருக்கு. நான் சொல்ற வரைக்கும் முக்கவே கூடாதுன்னு சொல்லுங்க."

கையைத் தூக்கினேன். வானதியின் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி. டவர் போய்விட்டது என்று தெரிந்தது. அவளுக்கு என் கை தெரிகிறதா இல்லையா? தெரியாது. இறக்காதடி, கைய இறக்காத — எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முக்காதே, முக்காதே, முக்காதே. நின்றுபோன முகத்துக்கு முன்னால் அதையே செய்துகொண்டிருந்தேன்.

முகம் அசைந்தது. டப்பா, கேபிளில் மாட்டியிருந்த என் போனுக்கு மாறியிருக்கிறது. வானதி பல்லைக் கடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கவில்லை.

"கொடிய எடுத்தாச்சு. இப்ப முக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.

குழந்தையின் அழுகை எனக்குக் கேட்டது. அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது, அவளைத் தவிர. அவள் குழந்தையைத் தேடவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அழுததா?

அழுகிறாள், என்றேன். சத்தமாக. பெண். இன்னும் அழுகிறாள். நிறுத்தவே மாட்டேன் என்கிறாள்.

குழந்தை அழுது ஓயும்வரை நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு நர்ஸ் டேப்லெட்டை வெளியே சூர்யபிரகாஷிடம் கொண்டுபோனார். அவருக்கும் சொன்னேன். மனிதர் டேப்லெட்டையே கும்பிட்டார்.

கதவைத் திறந்தால் வெளியே அப்பா. கறுப்புக் கண்ணாடி. நனைந்த சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு நரைத்துவிட்டது."

நவம்பர் 13, புதன்

நாகூர் போய் சித்தீக் பாயைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. "ஒரு அவசரத்துல கைய விடல பாய்" என்று மட்டும் சொன்னேன். அவரும் துருவவில்லை. "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டை முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

யார் யாருக்கு நன்றி சொல்வது? முகம் தெரியாத அந்த நர்ஸுக்கு எப்படிச் சொல்வது?

டிசம்பர் 16, திங்கள்

இடது கண்ணும் முடிந்தது. இந்தத் தடவை அப்பா ராஜசேகரைத் துணைக்கு வரச் சொன்னார். ஒரு மாதமாக அவர் அப்பாவிடம் சைகை கற்றுக்கொண்டதன் பலன். பாதி தப்பு. அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஜனவரி 19, ஞாயிறு

வானதி ஆபீஸுக்கே எழுதி அனுமதி வாங்கி என்னைக் கூப்பிட்டிருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பட்டுக்கோட்டை போனோம். தோப்புக்குள் வீடு.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது: "இவ்வளவு குள்ளமா நீ?" திரையில் இடுப்புக்கு மேலேதானே பார்த்திருக்கிறாள்.

அப்பா, வானதி, சூர்யபிரகாஷ் மூவரும் உட்கார்ந்தார்கள். தேங்காய்க்கு அப்பா காட்டியது ஒன்று, அவர்கள் காட்டியது வேறொன்று. அதற்கே சிரித்து மாளவில்லை. பிறகு கடல், மழை, மீன் விலை, குழந்தை பிறந்த நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. அப்பா குனிந்து உற்றுப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, எட்ட இருந்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பேசுவார் என்று எனக்கே தெரியாது.

வானதியின் மாமியார் காபி கொண்டுவந்தார். "ஏம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலியா அவங்களுக்கு?"

"அவங்களே பேசிக்கிறாங்கம்மா" என்றேன்.

குழந்தை என் மடியில் இருந்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். நல்ல பிடி. எடுக்க மனமில்லை. நாங்கள் போக வேண்டிய பஸ் போய்விட்டது.